பேரனுக்கு உன் அப்பா பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை அளவோடுதான் இருக்கிறது, முழங்கால் வழக்கம்போல மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது, ஆனையூர் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் உடனே "சரி விடுப்பா" என்று பின்வாங்கிவிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள்தான், ஆனால் என் பேச்சு என்று வந்தால் மட்டும் லைன் கட்டாகிவிடும். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே வர முடியாது. பிடிக்கவில்லையென்றால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் படி. மறுநாள் கட்டாயம் படித்துவிட வேண்டும், அதற்கு மேல் தள்ளிப்போடாதே. மார்த்தாவின் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். கடிதம் போலந்து போய்ச் சேரப் பத்து நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம் என்று தபால் ஆபீஸ் பெண் சொல்கிறாள். குழந்தை முந்திக்கொண்டால் என்ன செய்வது, நீ அவசரப்பட்டுப் பெயரைப் பதிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

விஷயம் அந்தப் பெயர்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய்: "பையன்தாம்மா. அப்பா பேருதான் வைக்கிறோம். முடிவு பண்ணியாச்சு." நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கல்லுப்பட்டியிலிருந்து உன் சித்தப்பா மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு தார் பழத்தோடு. "மதினி, அண்ணே பேருதான வைக்கிறாய்ங்க? மாத்திக்கீத்திப் புட மாட்டாய்ங்களே? அண்ணே போயி மூணு வருஷத்துல திரும்ப வாராருன்னு நெனச்சாலே மனசு நெறஞ்சு போச்சு மதினி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். திரும்ப வாராரு என்று அவர் சொன்ன அந்த வார்த்தைதான் காரணம். திரும்ப வருகிறார் என்பதில் எனக்கு வேறொரு கணக்கு இருந்தது, தம்பி. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்.

நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் மார்த்தாவின் குரல் கேட்டது. ஏதோ சொல்ல வந்தாள். "ஏங்க" என்று தொடங்கினாள், அதற்குமேல் அவளை நீ விடவில்லை. "வாயை மூடுறியா கொஞ்சம்?" என்று தமிழிலேயே சொன்னாய். கூடவே மேஜைமேல் எதையோ டக்கென்று வைக்கும் சத்தம். அடுத்த நொடி என்னிடம், "சொல்லும்மா" என்று பழையபடி குழைந்தாய். உனக்கு அது ஒன்றுமே இல்லை, நினைவுகூட இருக்காது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் பார்க்காமல், குரலை வைத்தே ஆளை எடைபோட்டவள் நான். யார் பொய் சொல்கிறார்கள், யார் அழுது முடித்துவிட்டுப் பேசுகிறார்கள், யார் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று ஒரு ஹலோவில் சொல்லிவிடுவேன். தத்தனேரிச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த மனிதரின் குரல் கிராக்கோவிலிருந்து வந்தது. சாயல் என்றுகூடச் சொல்ல முடியாது, அப்படியே அவர்தான்.

இனி நான் சொல்வதில் பாதி உனக்குத் தெரியாது, மீதிப் பாதி தப்பாகத் தெரியும். இரண்டுக்கும் நான்தான் காரணம்.

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தான் பேரனுக்குப் பேரன் என்று பெயர். அந்த வழக்கப்படி உனக்கு உன் அப்பாவின் அப்பா பெயரை வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பெற்ற பிள்ளையான உன்னை நான் இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்றேன், ராசா என்றேன், கோபம் வந்தால் ஏய் என்றேன். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று டீச்சர் பெயர் கேட்டார், நான் உன்னைப் பார்த்து "சொல்லுப்பா" என்றேன். நீயும் கணீரென்று சொன்னாய். பிள்ளை தைரியமாகப் பேசுகிறான் என்று டீச்சர் பாராட்டினார். அம்மாவுக்கு வாய் வராததால்தான் பிள்ளை பேசினான் என்பது அவருக்குத் தெரியாது.

உன் அப்பா பெயரும் அப்படித்தான். இப்போது எழுதவும் கை வரவில்லை பார். எக்ஸ்சேஞ்சில் ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கால் வந்தது. இன்ன பெயருள்ள ஆள் வந்து பேசினால்தான் லைன் கொடுக்க வேண்டும், வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த மாதிரிக் கால். கேட்ட பெயர் உன் அப்பா பெயர். யாரோ ஒரு நூல் வியாபாரி, நமக்குச் சம்பந்தமே இல்லாதவர். மதுரை நம்பரில் ரிங் போய் எடுத்துவிட்டார்கள், "யாரு வேணும்?" என்கிறார்கள், எனக்கு நாக்கு எழவில்லை. பக்கத்து ஸீட் லில்லியின் தோளைத் தட்டி, "நீ சொல்லேன்டி" என்று பிளக்கை மாற்றுவதற்குள் லைன் போய்விட்டது. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் மறுபடி லைன் கிடைக்க மத்தியானம் வரை காத்திருந்தார். "வீட்டுக்காரரு பேரச் சொன்னா என்ன, வானமா இடிஞ்சு விழும்?" என்று சூப்பர்வைசர் அம்மா திட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. ஒரு நாளைக்கு இருநூறு பெயர் சொல்லும் வாய், ஒரே ஒரு பெயருக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. பூட்டியவளும் நான்தான், சாவியைத் தொலைத்ததும் நான்தான்.

இப்போது மார்த்தாவின் விஷயம். உனக்குத் தெரியாது, மூன்று வாரத்துக்கு முன்னால் நீ ஆபீஸ் போயிருந்தபோது அவள் என்னைக் கூப்பிட்டாள். இதற்காக அவளைக் கோபித்தால் நான் உன்னோடு பேச மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அத்தை, மாமா சத்தம் போட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று உன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கு என் அம்மா சொன்னதைச் சொன்னேன். "ஆம்பளைங்க அப்படித்தாம்மா. கொஞ்சம் பொறுத்துப் போ. அவன் மனசு தங்கம்." லைன் போய்விட்டதோ என்று பழக்கதோஷத்தில் "ஹலோ, ஹலோ" என்றேன். அப்புறம் அவள் நிதானமாகச் சொன்னாள். "அத்தை, நான் பொறுக்கலாம். பேபி எப்படிப் பொறுக்கும்?"

அவள்தான் பேச்சை மாற்றினாள். குழந்தைக்குத் தன் தாத்தா பெயரை வைக்க ஆசை என்றாள். ஸ்பிக்னியெஃப். சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார், நாலு தடவை கேட்டு காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீ அதைக் கிழவன் பெயர் என்று சொல்லிச் சிரித்தாயாமே? அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும் இப்போது வைத்துக்கொள்வதில்லையாம், அவளே ஒத்துக்கொண்டாள். அந்தப் பெயரை இரண்டு துண்டாகப் பிரித்து அவள் எனக்கு அர்த்தம் சொன்னாள். முன்பாதிக்கு விலக்குவது, விட்டொழிப்பது என்று பொருள். பின்பாதிக்குக் கோபம். கோபத்தை விட்டொழிக்கிறவன். சர்ச்சும் புனிதர்கள் பெயரும் அந்தப் பக்கம் வருவதற்கு முந்தைய காலத்தில், பிள்ளை எப்படி வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ அதை இரண்டு சொல்லாகக் கட்டிப் பெயராக வைத்துவிடுவார்களாம். பிள்ளைக்கு ஏழெட்டு வயசில் முடி எடுத்து, அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள் என்றும் சொன்னாள். முடி எடுப்பது அங்கேயுமா என்று எனக்கு ஆச்சரியம். அதுவரை பிள்ளை அம்மா வசம், அதற்கப்புறம் அப்பா வசமாம். அதைக் கேட்டதும் ஆச்சரியம் போய்ப் பயம் வந்துவிட்டது. ஆறு வயசில் உனக்கு நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய தாத்தா சாந்தமான மனிதராக இருந்திருப்பார், அதனால்தான் அந்தப் பெயர் பொருந்தியிருக்கும் என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன். மார்த்தா சிரித்தாள். "இல்லை அத்தை. பெரிய கோபம். மாமா மாதிரி." பஸ் டிரைவராம். வீட்டில் எல்லோரும் அவரை ஸ்பிஷெக் என்று செல்லமாகத்தான் கூப்பிடுவார்கள். கோபம் ஏறும்போது மட்டும் அவர் மனைவி முழுப் பெயரையும் ஒரு தடவை சொல்வாராம். கத்தாமல், சாதாரணமாக. "ஸ்பிக்னியெஃப்." அவ்வளவுதான். மனுஷன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கோடாலியை எடுத்து விறகு பிளக்கத் தொடங்கிவிடுவார். மூன்று பனிக்காலத்துக்குக் காணும் அளவுக்கு அந்த வீட்டில் விறகு அடுக்கியிருக்குமாம். சின்னப்பிள்ளையில் மார்த்தா ஜன்னலோரம் உட்கார்ந்து கோடாலி விழும் சத்தத்தை எண்ணுவாளாம். முப்பது, நாற்பதுக்குள் தாத்தா உள்ளே வந்து ரொட்டி கேட்பார்.

நீயும் சத்தத்தை எண்ணியவன்தான், நினைவிருக்கிறதா? அப்பா மொபெட்டை வாசலில் ஸ்டாண்ட் போடும் சத்தம். மெதுவாக நின்றால் அவர் மடியில் போய் விழுவாய். டங்கென்று உதைத்து நிறுத்தினால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவாய். அந்த வித்தையை உனக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதுபோல் கவனமாகச் சொல்லிக் கொடுத்தேன். அதைச் சாமர்த்தியம் என்றும் நினைத்தேன்.

உன் அப்பாவை ராட்சசனாக்கி எழுதுகிறேன் என்று நினைக்காதே. கல்லுப்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகளைக் கேள், அவரைப் பற்றி இன்றைக்கும் நல்லதுதான் சொல்வார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருகிறவனைத் திருப்பி அனுப்பவே மாட்டார். சோறு தண்ணீர் இல்லாமல் தரையில் உட்கார்ந்து மோட்டார் காயிலைப் புதிதாகக் கட்டிக் கொடுப்பார். மோட்டார் ரிப்பேர்க் கடையில் அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது. முடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிச் சுற்றும் கை அது. கடையில் செலவழித்த பொறுமை வீட்டுக்கு வரும்போது தீர்ந்துபோயிருக்கும். நீயும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. ஆபீஸில் உன்னைத் தங்கமான மேனேஜர் என்கிறார்களாம், மார்த்தா பெருமையாகத்தான் சொன்னாள்.

சரி. மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். உன் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்ததால் வந்தது இல்லை.

உனக்கு அப்போது ஆறு வயசு, முழுப்பரீட்சை லீவு. சைக்கிள் வேண்டும், சைக்கிள் வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாய். அன்று மத்தியானம் சாப்பிட வந்த உன் அப்பா மொபெட்டை உதைத்து நிறுத்தினார். கட்டிக் கொடுத்த மோட்டார் இரண்டே நாளில் மறுபடி எரிந்துவிட்டது என்று ஒருவர் கடை வாசலில் நின்று கூட்டம் சேர்த்துக் கத்தியிருக்கிறார். அதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவர் உட்கார்ந்தார், நான் தண்ணீர் வைத்தேன். நீ சத்தத்தைக் கவனிக்கவில்லை, விளையாட்டு மும்முரம். ஓடிவந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பா, சைக்கிளு" என்றாய். அவர் கை உயர்ந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர். எனக்கும் அவருக்கும் நாலு அடிதான் தூரம். ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது, தம்பி. சத்தியமாக இருந்தது. நான் "ஏங்க" என்றேன். ஏங்க என்பது காபி வேண்டுமா என்று கேட்கும் குரல், கடைத்தெருவுக்குப் போகும்போது கீரை வாங்கி வரச் சொல்லும் குரல். அது ஒருவரையும் நிறுத்தியதில்லை. டம்ளரைச் சுவரைப் பார்த்துத்தான் வீசினார், உன்மேல் இல்லை. நீ எந்தப் பக்கம் நகர்ந்தாயோ, கண்ணுக்கு ஒரு விரல் மேலே பட்டுவிட்டது.

உன்னைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை டாக்டரிடம் ஓடியதும் அவர்தான். சட்டையெல்லாம் ரத்தம். டாக்டர் "என்னாச்சு?" என்று கேட்டபோது அவருக்கு வாய் எழவில்லை. நான் சொன்னேன். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான் சார்." அன்று வீட்டில் புரண்ட சொல் அதுதான், அதுவே வாயில் வந்தது. எந்தத் தெரு, எந்தத் திருப்பம், எந்தக் கல்லில் மோதினாய் என்று அத்தனையும் வரிசையாகச் சொன்னேன். மூன்று தையல். வீட்டுக்கு வரும் வழியில் உனக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். அத்தை கேட்டால் சைக்கிள், டீச்சர் கேட்டால் சைக்கிள். ஒரு மாசத்தில் நீயே நம்பிவிட்டாய். இரண்டாம் வகுப்பு போகும்போது குறுக்கே ஓடிய ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக்கொண்டாய். அந்த ஆட்டுக்குட்டி என் கற்பனை இல்லை, உன்னுடையது. கல்யாண வரவேற்புக்கு நீங்கள் வந்திருந்தபோது மார்த்தா என்னிடம், "ஆட்டுக்குட்டி பாவம், அதுக்கு அடிபட்டதா அத்தை?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நம்பிக்கை வரவில்லையென்றால் இதோடு வைத்திருக்கும் போட்டோவைப் பார். சிவப்புச் சைக்கிளோடு நீ நிற்கிறாய். ஹேண்டில்பாரில் கடையில் சுற்றிய காகிதம் இன்னும் பிரிக்கப்படவில்லை. உன் புருவத்தில் பிளாஸ்திரி. தையல் போட்டு நாலாம் நாள் உன் அப்பா அந்தச் சைக்கிளை வாங்கி வந்தார். காயம் முதலில் வந்தது, சைக்கிள் பின்னால் வந்தது.

இறந்துபோவதற்கு ஒரு வருஷம் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார். "தம்பிக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கா?" இருக்கிறது என்றேன். "எப்படி வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சொல்லிரு. எனக்குச் சொல்ல வராது" என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் போன பிறகும் சொல்லவில்லை. செத்த மனிதரைப் பிள்ளை முன்னால் குறைத்துக் காட்டுவதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். அப்பாவைப் பற்றிய பயம் இல்லை. "நீ அங்கதானம்மா நின்ன?" என்று என்னை நீ கேட்டுவிடுவாயே என்ற பயம். கேள். அங்கேதான் நின்றேன்.

இப்போது உனக்குப் புரியும், ஏன் அந்தப் பெயர் வேண்டாம் என்கிறேன் என்று. அவர்மேல் வெறுப்பு இல்லை. அந்தப் பெயர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். சித்தப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், கல்லுப்பட்டிக்கு ஒருநடை நானே போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவேன். இன்னொன்றும் உண்டு. உன் அப்பா பெயரை வைத்தால் பேரனையும் நான் தம்பி, ராசா என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கும். பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், பேரனையாவது கூப்பிட வேண்டாமா? ஸ்பிக்னியெஃப்புக்கு எந்தத் தடையும் இல்லை, நாக்கு சுளுக்கிக்கொள்வதைத் தவிர. ஒரு வாரமாகப் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பழகுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா மதில் வழியாக எட்டிப் பார்த்து, "என்னக்கா, சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

ஆனால் பெயரை வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துவிடாதே. அது வேறு எனக்குக் கவலையாக இருக்கிறது. பழைய காலத்தில் அந்தப் பெயரில் அங்கே ஒரு இளவரசன் இருந்தானாம். ராஜ்ஜியச் சண்டையில் ஒரே அப்பாவுக்குப் பிறந்த தம்பியே அவனுடைய கண்ணைக் குருடாக்கிவிட்டானாம். மார்த்தா ஏதோ பாடப்புத்தகக் கதைபோலச் சொல்லிக்கொண்டு போகிறாள், எனக்கு இங்கே உன் புருவம் ஞாபகம் வந்து உட்கார முடியவில்லை. கோபத்தை விலக்குகிறவன் என்று பெயர் வைத்தும் அடுத்தவன் கோபம் அவனை விடவில்லையே. வேண்டாமோ இந்தப் பெயர் என்று ஒருநாள் முழுக்கக் குழம்பினேன். அப்புறம் அந்த டிரைவர் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவரைப் பெயர் திருத்தவில்லை. பெயரை ஒருத்தி உரக்கச் சொன்னாள், அவர் காது கொடுத்தார், எழுந்து வெளியே போனார். மூன்றும் நடந்தால்தான் உண்டு. பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, அப்பன் டம்ளரைத் தூக்கினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைசியாக ஒரு தப்பு, இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. வரவேற்பன்று மார்த்தா கூடத்தில் எல்லோர் முன்னாலும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் ஊர் வழக்கம், கணீரென்று கூப்பிட்டாள். நீ எங்கோ கூட்டத்தில் யாரிடமோ வாக்குவாதத்தில் இருந்தவன், சட்டென்று திரும்பினாய், முகம் இளகியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்களே என்று அவளைத் தனியே அழைத்துப்போய், "அப்படிக் கூப்பிடக் கூடாதும்மா, ஏங்கன்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அதை மந்திரம்போல ஆசையாகக் கற்றுக்கொண்டது. நல்ல மருமகள் என்று பெயர் எடுக்க வேண்டும் என்று அங்கே போயும் விடாமல் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்டது என் வார்த்தை, தம்பி. என் ஏங்க. கடல் தாண்டிப் போய் அதே வேலையைத்தான் செய்கிறது.

அதனால் மூன்றே காரியம். இந்தக் கடிதத்தை மார்த்தாவுக்கு நீயே படித்துக் காட்டு, ஆட்டுக்குட்டி வரைக்கும் ஒன்றும் விடாமல். ஏங்க வேண்டாம் என்று அத்தை சொன்னதாகச் சொல். அவள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் நீ எழுந்து வெளியே போக வேண்டும். அடுக்குமாடி வீட்டில் பிளக்க விறகு இருக்காது, மாடிப்படியில் நாலுதடவை ஏறி இறங்கு. பிறந்ததும் போனைப் பிள்ளையின் காதருகே பிடி. மூன்று தடவை பெயரை நான் சொல்கிறேன், முதல் ஆளாக.

நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்று பழகியவன் இல்லை, அது உன் தப்பு இல்லை, நான் கூப்பிட்டதே இல்லை. இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு, இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சொல்லாத அந்தப் பெயரை, உன் பெயரை, சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. வானம் இடிந்து விழவில்லை. மார்த்தா கூப்பிடுவதற்கு முன்னால் நான் ஒரு தடவை கூப்பிட்டுவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் பிந்திவிட்டது, என்றாலும் கேள்.

முத்தையா, கையைக் கீழே போடுப்பா.

உன் அம்மா